போட்டோ இல்லாத சாதனை

காலையில் எங்கள் இசை ஆசிரியர் பயிற்சி பேட்ச் குரூப்பில் ஓர் அறிவிப்பு. அவரவர் சாதனையைப் போட்டோவோடு அனுப்ப வேண்டுமாம். மதியத்துக்குள் வந்து குவிந்துவிட்டன. எல்லாரும் கரும்பலகைக்கு முன்னால் நின்று சிரிக்கிறார்கள். கரியாலூர் பள்ளியில் வேலை கிடைத்த தோழிக்குப் பின்னால் ஜன்னலில் மலையே தெரிகிறது.

நான் கள்ளக்குறிச்சியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன்.

சாயங்காலம் வீடு திரும்பும் டவுன் பஸ்ஸில், பின்சீட்டில் பள்ளிப் பெண்கள் நாலைந்து பேர் ஆண்டுவிழாப் பாட்டைப் பாடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் உச்சத்தில் குரல் உடைந்து, சிரிப்பில் முடிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"எடுக்கும்போதே ரொம்ப மேல எடுக்கறீங்க. இங்கேர்ந்து எடுங்க" என்று, தணிந்த சுருதியில் "சா" பிடித்துக் கொடுத்தேன்.

இந்த முறை உடையவில்லை.

"அக்கா, நீங்க பாட்டு டீச்சருங்களா? எங்க ஸ்கூல்ல பி.டி. மிஸ்தான் சொல்லித் தராங்க. விசில் ஊதிக்கினே!" என்றாள் ஒருத்தி.

"அதுக்குத்தான் படிச்சேன்" என்றேன். அவள் கேட்டது அதுவல்ல.

வடக்கனந்தலில் இறங்கியவர்கள் நடந்துகொண்டே மறுபடி ஆரம்பித்தார்கள், நான் கொடுத்த அதே சுருதியில். சரணம் வருவதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். இந்த பஸ் இங்கேயே பிரேக்டவுன் ஆகாதா என்று வாழ்க்கையில் முதல் முறையாக ஏங்கினேன்.

குரூப்பில் இன்னும் எதுவும் போடவில்லை. போட்டோ எடுக்க என்னிடம் இருப்பது மகளிர் இலவச டிக்கெட் ஒன்றுதான். அதைப் போட்டால் சேர்த்துக்கொள்வார்களா?