ரிப் துணியில் போட்ட கோடு

என் கையெழுத்தைப் படிக்கச் சிரமமாக இருக்கும். மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் செக்கிங் ரிப்போர்ட்டில் எண் போடவும் கீழே கையெழுத்துப் போடவும்தான். சின்ன ர, பெரிய ற எல்லாம் இடம் மாறிக் கிடக்கும். தெரிந்தவர்கள் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நடந்த விஷயத்தில் மட்டும் திருத்த எதுவும் இல்லை. அதை நான் மூன்றடி தூரத்தில் நின்று பார்த்தேன்.

பனியன் கம்பெனியில் எனக்கு செக்கிங் வேலை. தைத்து வரும் பீஸை மேசையில் விரித்து, உள்ளும் புறமும் திருப்பி, தையல் விட்ட இடத்திலோ எண்ணெய் பட்ட இடத்திலோ சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கி வைக்க வேண்டும். பேச வேண்டியதில்லை. அதனால்தான் இந்த வேலையில் இத்தனை வருடம் நிலைத்தேன். நாலு பேர் சேர்ந்து நின்றால் எனக்கு நாக்கு உள்ளே போய்விடும். பெண் பார்க்கப் போனபோதுகூட எனக்காக மாமாதான் பேசினார்.

எங்கள் முதலாளிக்கு இரண்டு யூனிட். ஒன்றாவது யூனிட்டில் ஆபீஸ், கட்டிங், பேக்கிங், நாங்கள். இரண்டாவது யூனிட்டில் முழுக்கத் தையல். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் ஹாஸ்டலில் தங்கியிருக்கும் வடக்கத்தி ஆட்கள். வருடா வருடம் மே தினத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு யூனிட்டுக்கும் கால்பந்துப் போட்டி நடக்கும். தொழிலாளர்களைக் கௌரவிக்கிறாராம். ஷாமியானா, ஸ்பீக்கர், மதியம் பிரியாணி. கௌரவம் பிரியாணிப் பொட்டலத்தோடு சரி.

போன வருடம் ஒரு புது ஏற்பாடு செய்தார். ஜெயிக்கிற யூனிட்டுக்கு ஒரு வாரம் லீவு. தோற்ற யூனிட் அந்த வாரம் இருந்து ஷிப்மெண்டை முடித்துக் கொடுக்க வேண்டும். சமமாக முடிந்தால் முந்தின வருடம் ஜெயித்தவர்களுக்கே லீவு. முந்தின வருடம் ஜெயித்தது ஒன்றாவது யூனிட். போட்டிக்கு ஒரு வாரம் முன்பே மைக்கில் இதைச் சொல்லிவிட்டு, ஸ்போர்ட்ஸ் ஸ்பிரிட் என்று இரண்டு தடவை சொன்னார். கைதட்டினோம். நானும் தட்டினேன்.

இரண்டாவது யூனிட்டில் ஒரு ஒடிசாக்காரன் இருந்தான். பேட்லாக் மெஷினில் விளிம்பு மடித்துத் தைக்கிற டெய்லர், முப்பது வயதிருக்கும். அவன் தைத்த பீஸ் என் மேசைக்கு வந்தால் எனக்கு வேலை குறைவு. அந்த வாரம் புதன்கிழமை ஊரில் அவன் தங்கைக்குக் கல்யாணம். அப்பா இல்லாத வீடு, நடத்தி வைக்க வேண்டியவன் இவன்தான். ஞாயிறு ராத்திரி வண்டியைப் பிடித்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். ஒரு மாதம் முன்பே லீவு கேட்டிருக்கிறான். அந்த அறிவிப்புக்குப் பிறகு மறுபடி கேட்டபோது குவாலிட்டி மேனேஜர் அவனிடம் சொன்ன பதிலை நானே காதால் கேட்டேன்.

"மேட்ச்ச ஜெயிச்சுட்டுப் போ சாமி. யாரு வேண்டாங்கறா?"

ஒருவன் தங்கை கல்யாணத்துக்குப் போகலாமா கூடாதா என்பதைப் பந்து முடிவு செய்யட்டும் என்று சொல்கிற ஆள், அதைச் சிரித்துக்கொண்டே சாமி என்று கூப்பிட்டுச் சொன்னார். எங்கள் பக்கத்து மரியாதை அப்படித்தான். கழுத்தை அறுப்பதானாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்போம்.

அந்த மேனேஜர்தான் போட்டிக்கு ரெப்ரி. கம்பெனியில் கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்பை அன்று மைதானத்துக்கும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். விசிலும் டேப்பும் ஒன்றின் மேல் ஒன்று ஆடின. புதிதாக வாங்கிய ஷூவில் சேறு படாமல் நடப்பதிலேயே பாதி ஆட்டம் போய்விட்டது. வடக்குக் கோலுக்குப் பக்கத்தில் கொடி பிடித்து நிற்க என்னைக் கூப்பிட்டார். பந்து கோட்டைத் தாண்டினால் கொடியைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். "உங்க கண்ணுக்குத் தப்புமாங்ணா?" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என்னை அப்படி யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை.

முந்தின ராத்திரி கோடை மழை பெய்து, போட்டிருந்த சுண்ணாம்புக் கோடு கரைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்புக்கு எங்கே போவது என்று, கட்டிங்கில் இருந்து வெள்ளை ரிப் துணியை நீளமாக நறுக்கிக் கொண்டுவந்தார்கள். டீசர்ட்டின் கழுத்துக்கு வைத்துத் தைக்கிற துணி. தலை நுழையும்போது விரிந்து, நுழைந்ததும் பழையபடி சுருங்க வேண்டும் என்பதற்காகவே நெய்வது. அதைக் கோல் கம்பங்களுக்கு நடுவே இழுத்து, இரண்டு முனையிலும் ஆணி அடித்தார்கள். அதுதான் கோல் கோடு.

மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் பனியன் தொழிலில் சோறு தின்கிறவர்கள். ரிப் இழுபடும் என்று தெரியாதவர் ஒருவர்கூட இல்லை. ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெள்ளையாகப் பளிச்சென்று இருக்கிறது என்று முதலாளி சொன்னார். நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் அதைக்கூடச் சொல்லவில்லை.

ஒடிசாக்காரன் பையோடு வந்திருந்தான். ஆட்டம் முடிந்ததும் நேரே ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்று தோள்பையை என் காலடியில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். ஜிப் மூடாமல், தங்கைக்கு எடுத்த சிவப்புப் புடவையின் கவர் வெளியே தெரிந்தது. சேறு தெறிக்குமே என்று என் துண்டை எடுத்து அதன் மேல் போட்டேன். அன்று நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எங்கள் யூனிட் ஆட்கள் பிரியாணி தின்ற வயிற்றோடு ஓடினார்கள். இரண்டாவது யூனிட்காரர்கள் சாப்பிடாமல் வைத்துவிட்டு ஓடினார்கள். பக்கத்துக்கு ஒரு கோல். முடிய ஒரு நிமிடம்கூட இருந்திருக்காது, ஒடிசாக்காரன் வலதுபக்கமாக வந்து அடித்தான். எங்கள் கோல்கீப்பர் பேக்கிங் இன்சார்ஜ். அட்டைப்பெட்டி போன்ற உடம்பு. பந்து அவர் கையில் பட்டு, நழுவி, கோட்டைத் தாண்டி உள்ளே உருண்டு, சேற்றில் குத்தி நின்றது. முழுப் பந்தும் உள்ளே. நான் கொடியைத் தூக்கினேன்.

பந்து போன பிறகுதான் கீப்பர் பின்பக்கமாக விழுந்தார். விழும்போது அவருடைய ஷூ ஆணி ரிப்பில் மாட்டிக்கொண்டது. அந்தக் காலை வலைப்பக்கம் நீட்டிக் கிடந்தார். கோடும் அவர் காலோடு பந்துக்கு மேலாகப் போய், அதற்கு அந்தப்பக்கம் வில் மாதிரி வளைந்து நின்றது.

பாதி மைதானம் தாண்டி, சேற்றைச் சுற்றிக்கொண்டு மேனேஜர் வந்து சேர்ந்தார். பார்த்தார். பந்து முன்னால், கோடு பின்னால். "கோல் இல்லீங்க" என்றார்.

ஒடிசாக்காரன் குனிந்து, கீப்பரின் குதிகாலைத் தூக்கி, துணியை விடுவித்தான். ரிப் சடாரென்று இருந்த இடத்துக்குப் போனது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது, கோட்டுக்கு உள்ளே. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். எங்கள் யூனிட் ஆட்களில் ஒருவர் சிரித்தே விட்டார்.

அதற்குப் பிறகாவது விசிலை ஊதிக் கோல் கொடுத்திருக்க வேண்டும். மேனேஜர் ஷாமியானா பக்கம் பார்த்தார். முதலாளி நாற்காலியில் சாய்ந்தபடி இரண்டு விரலை ஆட்டிக் கூப்பிட்டார். போய்க் குனிந்து கேட்டுவிட்டு வந்த மேனேஜர், கழுத்தில் இருந்த டேப்பை எடுத்துக் கோட்டுக்கும் பந்துக்கும் நடுவே அளந்தார். மூன்று இஞ்ச்.

"இது ரிப்புங்க. ஒரு தடவ இழுபட்டுருச்சுன்னா பழைய எடத்துக்குக் கரெக்டா வராது. டாலரன்ஸ் குடுக்கோணும். நாலு இஞ்ச் டாலரன்ஸ். பந்து அதுக்குள்ள இருக்குது. கோல்னு உறுதியாச் சொல்ல முடியாதுங்க."

வெளிநாட்டுக்காரன் கொடுக்கிற அளவில் அரை இஞ்ச் கூடலாம், அரை இஞ்ச் குறையலாம் என்று ஒரு சலுகை உண்டு. அதற்குத்தான் டாலரன்ஸ் என்று பெயர். பனியனுக்கு உள்ள சலுகையை எட்டு மடங்காக்கிப் பந்துக்குக் கொடுத்தார் அந்தப் படித்த மனிதர். சரி, அவர் வழிக்கே வருவோம். இழுபட்ட ரிப் முழுதாகத் திரும்பாது என்றால், அது இழுபட்ட பக்கம்தான் தளர்ந்து நிற்கும். அதாவது வலைப்பக்கம். அப்படியானால் உண்மையான கோடு இன்னும் முன்னால் இருந்திருக்க வேண்டும்; பந்து இன்னும் அதிகமாக உள்ளே இருக்கிறது என்றுதான் அர்த்தம். இதற்குக் கணக்குப் படித்திருக்க வேண்டியதில்லை. அதுவும் வேண்டாம், இரண்டு கம்பங்கள் அங்கேதானே நிற்கின்றன? ஒரு கம்பத்தின் ஓரத்தில் நின்று மற்றதை ஒரு கண்ணால் பார்த்தால் போதும். நான் நின்ற இடமே அதுதான்.

எல்லாம் எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது.

ஒடிசாக்காரன் என்னிடம் வந்தான். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"அண்ணா, நீங்க சொல்லுங்க. நீங்க பாத்தீங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"சார் பாத்துட்டாரப்பா" என்றேன்.

சொல்லிக்கொண்டே கொடியை இறக்கினேன். கை தானாக இறங்கியது என்று எழுதத்தான் ஆசை. தானாக இறங்கவில்லை. நான்தான் இறக்கினேன். அவன் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு விசில் ஊதினார்கள். ஒன்றுக்கு ஒன்று. லீவு எங்கள் யூனிட்டுக்கு.

அவன் வந்து பையை எடுத்தான். மேலே கிடந்த துண்டை மடித்து என்னிடம் கொடுத்தான். கேட்டைத் தாண்டி வலதுபக்கம் திரும்பினால் ஸ்டேஷன் ரோடு, இடதுபக்கம் ஹாஸ்டல். அவன் இடதுபக்கம் திரும்பினான். சொல்லாமல் போனால் வேலை போகும். கல்யாணத்துக்குப் பிறகும் அந்த வீட்டுக்கு அவன் சம்பளம் வேண்டும்.

கையெழுத்துப் போட ஷாமியானாவுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு தாளில் முடிவை எழுதி, ரெப்ரி போட்டு, கீழே இரண்டு கோல்பக்கத்துக் கொடிக்காரர்களும் போட வேண்டும். தெற்குக் கோல் கொடிக்காரர் முதலிலேயே போட்டுவிட்டு ஐஸ்க்ரீம் வாங்கப் போய்விட்டார். நான் பேனாவை வைத்துக்கொண்டு யோசிப்பதைப் பார்த்து மேனேஜர் நெளிந்தார். முதலாளிதான் சிரித்துக்கொண்டு சொன்னார்.

"அண்ணன் போட்டுருவாருங்க. அண்ணன் ஒண்ணும் பேச மாட்டாருன்னுதான அங்க நிக்க வெச்சது."

என் கண்ணுக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் வாய்க்காகத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. ஷிப்மெண்டில் பாக்கி இருந்தது முழுக்கத் தையல். தைத்து வந்தால்தான் எங்களுக்குச் செக்கிங், பேக்கிங். ஒன்றாவது யூனிட் அந்த வாரம் இருந்தாலும் சும்மாதான் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டாவது யூனிட்டுக்கு லீவு விடுகிற எண்ணம் முதலாளிக்கு மைக்கைப் பிடித்தபோதே இல்லை. கேட்டதும் இல்லை என்று சொல்லிவிடலாம், அது அவர் அதிகாரம். அதற்குக்கூடத் தைரியம் இல்லாமல் ஒரு பந்து, ஒரு விசில், ஒரு துண்டு ரிப் துணி வைத்து ஏமாற்றினார். பெரிய கார், பெரிய வீடு, இவ்வளவு சின்ன மனசு.

கையெழுத்துப் போட்டேன். பீஸைப் பார்க்காமல் நான் எந்த ரிப்போர்ட்டிலும் போட்டதில்லை. பார்த்துவிட்டு மாற்றிப் போட்டது அன்று ஒரு தடவைதான்.

லீவு என்றுதான் பேர். புதன்கிழமை காலையிலேயே செக்கிங் ஆட்கள் நாலு பேரை மட்டும் இரண்டாவது யூனிட்டுக்கு வரச் சொன்னார்கள். போனேன். ஒடிசாக்காரன் பேட்லாக் மெஷினில் நூல்கோனுக்குச் சாய்த்து செல்போனை வைத்திருந்தான். சத்தத்தைக் குறைத்திருந்தான். சின்னத் திரையில் மஞ்சளும் சிவப்புமாக ஏதோ அசைந்தது. சூப்பர்வைசர் வந்து மெஷின் மேல் தட்டியதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தைத்தான். அன்று அவன் தைத்த பீஸ் எல்லாம் என் மேசைக்கு வந்தது. ஒன்றில்கூட ஸ்டிக்கர் ஒட்ட இடம் இல்லை. அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசவே இல்லை. ஆடியில் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

நான் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளைக் கண்ணாடி போட்டு, ஆபீஸ் வாசலில் போட்டிக் கோப்பைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். போன வாரம் மேனேஜர் புதுக் கொடி ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, "இந்த வருசமும் நீங்கதாங்ணா" என்றார். நான் தலையை அசைக்கவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை. சாயங்காலம் எல்லோரும் பஞ்ச் வைத்துப் போன பிறகு கொடியைக் கொண்டுபோய் அவர் அறை வாசலில் சாத்தி வைத்தேன். திரும்பி வரும்போது சட்டைப்பையில் இருந்த சிவப்பு அம்புக்குறி ஒன்றை எடுத்துக் கண்ணாடியின் மேல், என் கையெழுத்துக்கு நேராக ஒட்டினேன். இன்றோடு நாலு நாள் ஆகிறது. முதலாளி அந்த வழியாகத்தான் தினமும் போகிறார், மேனேஜரும் போகிறார். யார் கண்ணிலும் படவில்லை. குவாலிட்டி பார்க்கிறவர்கள்.

தப்பான பீஸைப் பாஸ் பண்ணிவிட்டால் எங்கள் வேலையில் ஒரு வழி உண்டு. பழைய ரிப்போர்ட்டை அடித்துவிட்டு, பார்த்தவனே தன் கையால் புது ரிப்போர்ட் எழுத வேண்டும். எனக்கு வாயால் சொல்ல வரவில்லை. ஆகையால் இதை எழுதுகிறேன். பந்து முழுதாகக் கோட்டைத் தாண்டியது. கோல். இரண்டாவது யூனிட் ஜெயித்தது. வடக்குக் கோலில் கொடியோடு நின்று பார்த்தவன் நான்.

மே மாதம் ஒன்றாம் தேதி.