கோழி நடந்த எழுத்துகள்

கணினியில் புதிய இயங்குதளம் போடுவதற்கு முன்னால், ஏற்கெனவே அதில் இருப்பதைப் பத்திரப்படுத்த வேண்டும் என்பது பதிமூன்று வயதிலேயே எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள அதனால் வழியில்லை. தலை நரைத்துவிட்டது. இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

அப்போது திண்டிவனத்தில் குடியிருந்தோம். அப்பாவின் தங்கை எங்களோடுதான் இருந்தார். தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் அவருக்கு ஆசிரியை வேலை. வீட்டிலிருந்த கம்ப்யூட்டர் எங்கள் இருவருக்கும் பொது. நான் அதில் கார் ஓட்டினேன், அத்தை மனு எழுதினார்.

மனு எங்கள் பூர்வீக ஊருக்காக. ஓமந்தூர்ப் பக்கம், ஏரியை ஒட்டிய காலனி. முப்பத்திரண்டு குடும்பங்களுக்கு அங்கே வீடு இருந்தது. வீடு நிற்கும் மண்ணுக்குப் பட்டா இல்லை. குடும்பவாரியாக விவரம் எழுதிக் கொடுத்தால் ஆள் அனுப்பி அளக்கச் சொல்வதாக விழுப்புரம் கலெக்டர் அலுவலகத்தில் ஓர் அதிகாரி சொல்லியிருந்தார். அத்தை எழுதி முடித்தபோது, அவர் மாற்றலாகிப் போவதற்குள் மனு வாங்கும் திங்கட்கிழமை ஒன்றே ஒன்றுதான் பாக்கி. காலனிக்காரர்கள் சந்தைக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து, அத்தையின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, எத்தனை வருடமாக இருக்கிறோம், எந்த மழையில் எந்தச் சுவர் விழுந்தது என்று சொல்வார்கள். அத்தை காகிதத்தில் எழுதாமல் நேராகத் தட்டிக்கொண்டே போவார். அவர் விரல் ஓடும் வேகத்துக்குப் பேனா வராது.

முப்பத்திரண்டும் முடிந்த மறுநாள் சனிக்கிழமை. அத்தை காலையிலேயே நிலையத்துக்குப் போய்விட்டார். வகுப்பு நண்பனின் அண்ணன் புதிய இயங்குதளத்தின் சீடியைச் சாயங்காலம் வரை இரவல் கொடுத்திருந்தார். அத்தையைக் கேட்க நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வட்டு சி, டி என்று இரண்டாகப் பிரிந்திருக்கும், புதியது சி-யில் உட்காரும், அங்கே இருப்பது அழியும், டி-யைத் தொடாதே என்று அந்த அண்ணன் சொல்லியிருந்தார். அத்தையின் கோப்புகள் சி-யில் இருந்தன. அவற்றை டி-க்கு நகலெடுத்தேன். இந்தப் பக்கம் எண்ணினேன், முப்பத்திரண்டு. அந்தப் பக்கமும் முப்பத்திரண்டு. எதை அழிக்கட்டும் என்று திரை கேட்டபோது இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் விசையை அழுத்தினேன். பெரிய ஆள் ஆகிவிட்டது போலிருந்தது.

மதியம் எல்லாம் முடிந்தது. சரிபார்க்கலாம் என்று டி-யில் முதல் கோப்பைத் திறந்தேன். தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. ஆங்கில எழுத்தும், சாய்கோடும், டாலர் குறியும், தலையில் கொம்பு முளைத்த ஏதேதோ குறிகளும் வரிவரியாகக் கிடந்தன. அடுத்ததும் அப்படியே. முப்பத்திரண்டும் அப்படியே. வைரஸ் கடித்துக் குதறிவிட்டது என்று முடிவு செய்தேன். கெட்டுப்போன கோப்பு இருந்தால் கெடுத்தவன் யார் என்ற கேள்வி வரும். கோப்பே இல்லாவிட்டால் பழி கம்ப்யூட்டர் மேல் போகும். அத்தனையையும் அழித்தேன். குப்பைத்தொட்டியில்கூட மிச்சமில்லாத வகையில் அழித்தேன்.

சாயங்காலம் அத்தை வந்தார். புதிய திரையைப் பார்த்தார்.

"டி-ல காப்பி பண்ணியா?"

"பண்ணேன் அத்தை. ஆனா போயிடுச்சு."

"தொறந்து பாத்தியா? கோழி நடந்த மாதிரி ஏதாவது தெரிஞ்சுதா?"

"இல்ல அத்தை. காலியா இருந்துச்சு."

கோழி நடந்த மாதிரி என்ற கேள்வி எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்கவில்லை. என் பொய் நின்றுவிட்டதா என்பதிலேயே குறியாக இருந்தேன்.

அப்பா சத்தம் போட ஆரம்பித்ததும், "அவன வுடுண்ணா. ஒரு நகல் எடுத்து வெக்காதது என் தப்பு" என்றார் அத்தை.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் என்னையும் கூட்டிக்கொண்டு காலனிக்குப் போனார். கையில் ஆளுக்கொரு நோட்டு. வீடு வீடாக முதலிலிருந்து கேட்டோம்.

"இன்னா டீச்சரு, போன வாரந்தான தொண்ட வறள சொன்னேன்? உம் பொட்டி அத்தினியும் துன்னுடுச்சா?" என்று ஒரு அக்கா சிரித்தார்.

"பொட்டி மேல தப்பில்லக்கா. நாந்தான் அசந்துட்டேன்."

வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர், "கூலி போனா போவுது, ஜல்தியா எழுதிக்க தம்பி" என்று திரும்பி வந்து உட்கார்ந்தார். இன்னொரு வீட்டில், "பாவம், லீவு நாள்ல நமக்காவ அலைஞ்சிகினு கீறான் புள்ள" என்று சொல்லி, வறுத்த மல்லாட்டையை, எங்கள் பக்கத்து வேர்க்கடலையை, என் சட்டைப்பை நிறையக் கொட்டினார்கள். சூடு நெஞ்சில் பட்டது. ஒன்றுகூட என்னால் தின்ன முடியவில்லை.

மதியம் வீடு திரும்பியதும் அத்தை கைப்பையிலிருந்து ஒரு நீல ஃப்ளாப்பியை எடுத்துச் செருகி, எதையோ ஏற்றிவிட்டுத் தட்ட ஆரம்பித்தார். திரையில் தமிழ் வந்தது. நான் நோட்டைப் பார்த்துப் படித்தேன். இருட்டுவதற்குள் முப்பத்திரண்டும் முடிந்தன. அத்தை மணிக்கட்டைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை விழுப்புரத்தில் மனுவைக் கொடுத்தோம். அந்த அதிகாரி ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்துக் கையெழுத்திட்டார். பிறகு அளந்தார்கள், பட்டாவும் வந்தது. மல்லாட்டை கொடுத்த வீடு இப்போது மாடி வீடு. அந்தக் காலனிக்காரர்கள் இன்றைக்கும் எனக்கு நன்றி சொல்கிறார்கள், லீவு நாளில் வந்து எழுதிக் கொடுத்தேனாம். நன்றி சொல்ல வேண்டியவன் நான். ஒரு நாள் கூலியை விட்டு, சொன்னதையே மறுபடி சொன்ன மனிதர்களுக்கும், என்மேல் ஒரு சொல் விழாமல் பார்த்துக்கொண்ட அத்தைக்கும்.

கல்லூரி ஆய்வகத்தில்தான் எனக்கு விளங்கியது. ஒரு பழைய தமிழ்க் கோப்பைத் திறந்தேன். அதே சாய்கோடு, அதே டாலர். பக்கத்தில் இருந்தவன், "ஃபான்ட் இல்லடா" என்று எதையோ ஏற்றினான். ஒரு நொடியில் எல்லாம் தமிழாகிவிட்டது. அந்தக் காலத்தில் தட்டிய தமிழைப் படிக்க அதற்குரிய எழுத்துருவும் கணினியில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது சி-யில் இருந்தது, நான் அழித்த பக்கத்தில். முப்பத்திரண்டு குடும்பமும் டி-யில் ஒரு சொல் குறையாமல் இருந்திருக்கின்றன, நான் கை வைக்கும் வரை. கோழி நடந்த மாதிரி தெரிந்தது என்று அன்று சொல்லியிருந்தால் போதும்.

நான் பார்த்துவிட்டுத்தான் அழித்தேன் என்பது அத்தைக்கு அன்றே தெரிந்திருக்கிறது. திங்கட்கிழமை திரும்பி வரும்போது, பஸ் முண்டியம்பாக்கம் தாண்டியதும், எழுத்துரு இருந்த அந்த நீல ஃப்ளாப்பியை என் கையில் கொடுத்தார்.

"புதுசா எது போட்டாலும் மொதல்ல இத ஏத்தணும். அப்புறந்தான் பழசத் தொறக்கணும். நீயே வெச்சிக்க." கொஞ்ச தூரம் போனபிறகு, "எங்கிட்ட எதாவது சொல்லணுமாடா?" என்றார்.

"இல்ல அத்தை."

"சரி, ஜன்னல் பக்கம் வந்து உக்காரு."

எனக்கு ஒரு ஃப்ளாப்பி கிடைத்துவிட்டது என்பது மட்டுமே அன்று எனக்குப் புரிந்தது. வீட்டுக்கு வந்ததும், உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் அதை அழித்துவிட்டு, கார் விளையாட்டை அதில் ஏற்றிக்கொண்டேன்.