வெள்ளைக்காரன் வராத காஞ்சிபுரம்

இல்லாத ஊரை எழுதிவிட்டு, அந்த ஊரில் அது ஏன் இருக்கிறது, இது ஏன் இல்லை என்று இருக்கிற ஊர்க்காரர்களிடம் திட்டு வாங்குவதுதான் படக்கதை எழுதுகிறவன் பிழைப்பு.

எழுபதுகளில், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒற்றை அறையில் உட்கார்ந்து, மெட்ராஸ் மாதப் பத்திரிகை ஒன்றுக்குப் ‘புயல்மாறன்’ என்று ஒரு படக்கதை எழுதிக்கொண்டிருந்தேன். புயல்மாறனுக்குச் சாவு கிடையாது. கடற்கரையில் நின்று ஒரு ஊது ஊதினால் கப்பல் வந்த வழியே திரும்பிவிடும். முந்நூறு வருஷமாக இப்படி ஊதியே வெள்ளைக்காரனை உள்ளே விடாமல் வைத்திருந்தான். வெள்ளைக்காரனே வராத காஞ்சிபுரம் இன்றைக்கு எப்படி இருக்கும்? அதுதான் கதை. கதை எழுதி மாட்டிக்கொண்ட புண்ணியவான்களே, இந்த மாதிரி கேள்வியை மட்டும் மறந்தும் கேட்டுவிடாதீர்கள்.

டீயும் தபாலும்

என் மனைவி கோமளா செத்துப்போன பிறகு, ஊரில் எனக்குப் பேச்சுத்துணை சலூன் முனுசாமி ஒருவர்தான். தாடி வளர்ந்திருக்கிறதோ இல்லையோ, போய் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். இன்னொரு மனுஷன் கை என் முகத்தில் படுவது அங்கே மட்டும்தான்.

முதல் இதழில் புயல்மாறன் ராஜவீதியில் நின்று டீ குடித்தான். படித்த முனுசாமி சவரக்கத்தியைப் பாதிக் கன்னத்தில் நிறுத்திவிட்டார். தேயிலைத் தோட்டம் போட்டதே வெள்ளைக்காரன் அல்லவா, அவன் வராமல் டீ எப்படி வந்தது என்கிறார். சரி, ஒழியட்டும் என்று டீயை எடுத்துவிட்டு மோர் கொடுத்தேன். ரயிலை எடுத்தேன். வாலாஜாபாத்துக்கு மாட்டு வண்டி விட்டேன். தபால் ஆபீசையும் தூக்கிவிட்டேன். அடுத்த மாதக் கதையை அனுப்ப அதே தபால் ஆபீசுக்குத்தானே போயாக வேண்டும்? என் தபால் கட்டை எடை போட்ட அம்மாள் நிமிர்ந்து பார்த்து, “வெள்ளைக்காரனைத் துரத்தினீங்க, சரி. என் வேலையில ஏன் சார் கை வெச்சீங்க?” என்றார்.

மறுபாதி

படம் வரைந்தவர் ஏகாம்பரம். பட்டுப்புடவைக்குக் கட்டத் தாளில் டிசைன் போடுகிறவர். புடவையில் இரண்டு மயில் எதிரெதிரே நிற்க வேண்டுமென்றால் ஒன்றைத்தான் வரைவார். இன்னொன்றை அப்படியே திருப்பி எடுத்துக்கொள்வது அந்தத் தொழிலின் வழக்கம்.

புயல்மாறனும் வில்லனும் நேருக்கு நேர் வாள் வீசுகிற காட்சி. ஏகாம்பரம் கைப்பழக்கத்தில் புயல்மாறனை மட்டும் வரைந்து, பக்கத்தில் ‘மறுபாதி திருப்பிப் போடவும்’ என்று எழுதி அனுப்பிவிட்டார். மெட்ராஸில் அச்சுக்குப் பிளாக் செய்தவனும் சொன்னதைச் செய்தான். அச்சாகி வந்தபோது புயல்மாறன் தன்னைத்தானே வெட்டிக்கொண்டிருந்தான். அடப்பாவி, வில்லன் எங்கேய்யா என்று கத்திக்கொண்டே ஏகாம்பரம் வீட்டுக்கு ஓடினேன். அவர் பத்திரிகையைக் கைநீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ரெண்டு பக்கமும் ஒரு இழை பிசகல, பாரு சார்!” என்றார்.

சாப்ட்டீங்களா

பிறகு புயல்மாறனுக்கு ஒரு மனைவி வந்தாள். ஏகாம்பரத்திடம் என் கல்யாணப் போட்டோவைக் கொடுத்தேன். அவர் அதில் இருந்த கோமளாவை அப்படியே வரைந்தார். அந்தக் காஞ்சிபுரத்தில் கோமளா சாகவில்லை. மாதாமாதம் கதவைத் திறந்து, வந்துட்டீங்களா, சாப்ட்டீங்களா என்று கேட்பாள். மெஸ்ஸில் தின்றுவிட்டு வந்து, தன் கையாலேயே பூட்டைத் திறந்து உள்ளே போகிறவனுக்குத் தெரியும் அந்தக் கேள்வியின் அருமை. நான் ஏங்கிப்போயிருந்தேன், வேறென்ன சொல்ல.

பத்திரிகை ஆசிரியர் மெட்ராஸிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார். “யோவ், அங்க வில்லன் கோட்டையைக் கொளுத்திக்கினு இருக்கான், இந்தம்மா என்னய்யா மாசாமாசம் சாப்ட்டீங்களான்னு கேட்டுக்கினு நிக்குது?”

ஓட்டை

அந்தப் பெண் யார், எப்படி வந்தாள் என்று வாசகர்கள் கேட்கிறார்கள், எழுது என்று சொல்லிவிட்டு ஆசிரியர் போனார். எழுதினேன். மோருக்கும் மாட்டு வண்டிக்கும் அவ்வளவு யோசித்தவன், இதற்கு யோசிக்கவே இல்லை. நடந்ததை நடந்தபடியே எழுதினேன். நாற்பத்திரண்டாம் வருஷம், யுத்தத்தில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மெட்ராஸே காலியான சமயம். கோமளா குடும்பம் ரயிலேறி, எங்கள் தெருவில் இருந்த சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தது. ஸ்டேஷனிலிருந்து அவளுடைய டிரங்குப் பெட்டியை நான்தான் தூக்கி வந்தேன். குண்டு பயம் தீர மாதக்கணக்காயிற்று. எனக்குப் பேசத் தைரியம் வரவும் அவ்வளவு நாள் ஆயிற்று.

முனுசாமி படித்தார். எப்போதும் சிரிக்கிறவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. என் கழுத்தில் கட்டிய துணியை அவிழ்த்து உதறிவிட்டு, மெதுவாகச் சொன்னார்: “கோச்சிக்காத சார், வெள்ளைக்காரன் இல்ல, ரயிலு இல்ல, அவன் சண்டையும் இல்ல... அப்புறம் அந்தம்மா எதுக்குப் பயந்துக்கினு இந்த ஊருக்கு வந்தாங்க?”

கப்பல்

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. கருட சேவைக்கு வந்தாள் என்று எழுதிப் பார்த்தேன். சேவித்துவிட்டுச் சாயங்காலமே திரும்பிவிடுவாள். முகூர்த்தப் புடவை எடுக்க வந்தாள் என்றால், ஐயோ, அது வேறு எவனோடோ நடக்கிற கல்யாணம். எந்த வழியில் கூட்டி வந்தாலும் கோமளா என் தெருவில் தங்குவதாக இல்லை. அந்தக் காஞ்சிபுரத்தில் புயல்மாறனும் என்னைப் போலவே பூட்டைத் திறந்து உள்ளே போக வேண்டியவன்தான்.

ஒரே ஒரு வழி இருந்தது. கடைசி இதழில் புயல்மாறன் முந்நூறு வருஷம் பின்னால் போகிறான். கடற்கரையில் நிற்கிறான். முதல் கப்பல் வருகிறது. மூச்சை இழுக்கிறான். பிறகு வாயை மூடிக்கொள்கிறான். கப்பல் கரை தட்டுகிறது. அவ்வளவுதான், முற்றும். வந்தால் அவள் ஒருநாள் செத்தும் போவாள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வரட்டும், முதலில் வந்து சேரட்டும் என்று இருந்தது.

ஆசிரியர் மறுபடியும் பஸ் பிடித்து வந்து தலையில் அடித்துக்கொண்டார்: “ஒரே ஒரு தரம் ஊதியிருந்தா நாடு தப்பிச்சிருக்குமே, உன் ஹீரோ ஏன்யா ஊதல?”

ஒருத்தி காஞ்சிபுரம் ஸ்டேஷனில் டிரங்குப் பெட்டியோடு இறங்க வேண்டுமானால் ஒரு தேசமே அடிமைப்பட்டுக் கிடந்தாக வேண்டும் என்று வந்துவிட்டால், லாஜிக் தெரிந்த எழுத்தாளன் வேறு என்னதான் செய்வான், சொல்லுங்கள்.