கையின் மேல் உட்காரும் டீச்சர்

"சொல்லுங்க. அவசரமே இல்ல. நான் எங்கயும் போகல," என்கிறார் டீச்சர். கட்டிலில் சாய்ந்திருப்பவர் சொல்ல வேண்டியது தன் மனைவியின் பெயரை. டீச்சர் அவருக்கு முன்னால் தரையில் குத்துக்காலிட்டு, முகத்தைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் முக்காலி சும்மா கிடக்கிறது. கட்டிலில் இருப்பவர் வாயைத் திறக்கிறார், மூடுகிறார். பொறுக்க முடியாமல் மனைவி தன் பெயரைத் தானே சொல்ல வாயெடுக்கிறார். டீச்சர் உதட்டில் விரலை வைக்கிறார். வார்டே கப்சிப். அடுத்த கட்டிலில் நான் ஒருவரை எழுப்பி நிறுத்தி, அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்தபடி நிற்கிறேன். அவரும் நடக்க மறந்து அங்கேயே பார்க்கிறார். என் கை கழன்று விழுந்துவிடும் போல இருக்கிறது. யாராவது அந்தப் பெயரைச் சொல்லித் தொலைத்தால் நல்லது.

டீச்சர் உண்மையில் டீச்சர் இல்லை. பேச்சுப் பயிற்சியாளர். பல வருடம் பள்ளிக்கூடங்களில் திக்கும் பிள்ளைகளுக்கும், எழுத்துகளை விழுங்கும் பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுத்துவிட்டு, இந்த வருடம்தான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வந்த முதல் வாரமே வார்டில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒட்டாமல் என்ன செய்யும்? டாக்டர்கள் ரவுண்ட்ஸில் பேசும்போது எதையாவது கேட்க வேண்டுமென்றால் கையைத் தூக்குகிறார். பதினோரு மணியானால் மணி அடிக்கப்போகிறது என்பது போல வாசலைப் பார்க்கிறார். கான்டீன்காரரிடம்கூட வாயை நன்றாகத் திறந்து, "டீ... சக்கரை... கம்மியா," என்று பாடம் எடுக்கிறார். அந்த மனிதர் தனக்குக் காது கேட்காது என்று யார் கிளப்பிவிட்டது என்று என்னிடம் வந்து சண்டைக்கு நின்றார்.

நான் இதே ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். என் தலையெழுத்து, டீச்சருக்கும் எனக்கும் ஒரே அறை. அவர் வந்த பிறகு என் மேசையில் பாதியை முயலும் யானையும் ரயிலும் ஆக்கிரமித்துக்கொண்டன. படம் போட்ட அட்டைகள். ஒரு வங்கி மேனேஜர், பக்கவாதம் வந்து நாக்குக் குழறியவர். அவரிடம் டீச்சர் முயலைக் காட்டி "இது யாரு?" என்று கேட்டார். மனிதர் முயலைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், அத்தனை நாளும் வராத பேச்சு அன்றைக்குத் தெளிவாக வந்தது. "எங்கிட்ட வெளையாடாதீங்க." டீச்சருக்கு அதுவும் சந்தோஷம்தான். "சூப்பர்! எவ்ளோ அழகா சொன்னீங்க!" என்று கைதட்டி, கட்டில் கம்பியில் ஒரு தங்க நட்சத்திரத்தை ஒட்டிவிட்டு வந்தார்.

அந்த நட்சத்திரம் எனக்கு ஆகவே ஆகாது. துடைக்க வரும் அம்மாவுக்கும் ஆகாது. சுரண்டினாலும் போகாத பசை.

ஏன் பள்ளிக்கூடத்தை விட்டார் என்று ஒரு தடவை கேட்டேன். அங்கே தனி அறை கிடையாதாம். விளையாட்டுச் சாமான் போடும் அறையில், பந்துகளுக்கு நடுவில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஒரு பள்ளியில் காலை, இன்னொன்றில் மதியம். அதெல்லாம் பரவாயில்லையாம். "வருஷம் முடிஞ்சா பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போயிடும்க்கா. அப்புறம் பேசுச்சா, இல்ல வாயை மூடிக்கிச்சான்னு யாரும் வந்து சொல்ல மாட்டாங்க. முடிவு தெரியற எடத்துல வேலை பாக்கணும்னு தோணுச்சு." முடிவு தெரிகிற இடம்! ஆஸ்பத்திரியைப் பற்றி இவ்வளவு வெள்ளந்தியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இங்கே வந்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது, பேச்சு பாதி வேலைகூட இல்லை, தொண்டைதான் வேலை என்று. வாதம் வந்தவர்களுக்கு விழுங்குவது மறந்துவிடும். தண்ணீர் இரைப்பைக்குப் போகாமல் மூச்சுக் குழாய்க்குள் இறங்கும். சில பேருக்கு இருமல்கூட வராது, சத்தமில்லாமல் நெஞ்சில் போய்த் தங்கிக் காய்ச்சலாகக் கிளம்பும். ஒருவருக்குத் தண்ணீர் கொடுக்கலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் டீச்சர். தொண்டையில் விரலை வைத்து ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுப்பார், தொண்டை மேலே ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பார், பிறகு "ஆ" சொல்லச் சொல்வார். குரல் சுத்தமாக வந்தால் நல்லது. தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போலக் கொழகொழவென்று வந்தால் ஆபத்து. பள்ளிக்கூடத்தில் ஒரு எழுத்து தப்பினால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இங்கே ஒரு மடக்கு தப்பினால் நாளை இருக்கும் என்று சொல்ல முடியாது.

அப்படி வந்தவர்தான் தையல்காரர். வலது கை விழுந்துவிட்டது, பேச்சு இல்லை, மூக்கு வழியே சாப்பாட்டுக் குழாய். ஆனால் கண் மட்டும் கடையிலேயே இருந்தது. முதல் நாள் நான் அவரைப் புரட்டி உட்கார வைத்தபோது, இடது கையால் என் கோட்டின் ஓரத்தைத் திருப்பி, உள் தையலைப் பார்த்து, உச்சுக் கொட்டினார். அவர் மனைவி, கடையில் பட்டன் வைப்பவர், வெட்கப்பட்டு, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, அவருக்கு அப்படியே பழகிடுச்சு," என்றார். தையல்காரருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தண்ணீர். சொம்பைக் காட்டுவார், வாயைக் காட்டுவார். தலைக்கு மேல் "வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது" என்று பலகை. இந்த வாரத்துக்குள் விழுங்க வரவில்லையென்றால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

டீச்சர் சோதித்த அன்று நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஒரு ஸ்பூன் கொடுத்தார். தொண்டை நெடுநேரம் கழித்து அசைந்தது. "ஆ" சொல்லச் சொன்னார். குரல் கொழகொழவென்று வந்தது. தேறவில்லை, எனக்கே தெரிந்தது. டீச்சருக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் பழக்கம் விடுமா? முயற்சி செய்த பிள்ளையைப் பாராட்டாமல் எழுந்திருக்கக் கூடாது, "தப்பு" என்ற சொல்லை வாயால் சொல்லவே கூடாது. பள்ளிக்கூடத்தில் அவர் வேதம் அது. "சூப்பர்! ரொம்ப நல்லா முயற்சி பண்ணீங்க!" கைதட்டல். நட்சத்திரம். பிறகு பலகை அப்படியே இருக்கட்டும் என்று நர்ஸிடம் சொல்ல நடந்தார். நர்ஸின் மேசை வார்டின் அந்தக் கோடியில் இருந்தது.

அவர் திரும்பி வருவதற்குள், நானும் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்த நேரத்தில், தையல்காரரின் மனைவி அரை டம்ளர் தண்ணீரைக் கொடுத்து முடித்துவிட்டார்.

சாயங்காலத்துக்குள் நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் ஏறி, அவரை அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "பலகை நேத்து வெச்சதுதானேம்மா," என்று அந்தப் பெண்மணி சுவரோடு ஒட்டி நின்று அழுதார். "இன்னைக்குத்தானே சூப்பர்னாங்க. கைதட்டினாங்களே." அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? டாக்டர் கத்துவதற்கு முன்பே டீச்சர் போய், "நான்தான் காரணம். பாஸான மாதிரி நடந்துக்கிட்டேன்," என்று சொல்லிவிட்டார். டாக்டர் அதற்குப் பிறகும் கத்தினார். கத்த வேண்டிய விஷயம்தான்.

தையல்காரர் பிழைத்தார். வார்டுக்குத் திரும்பி வந்தார், முன்னைவிட இளைத்து, மூக்கில் அதே குழாயோடு. குழாயை வயிற்றுக்கு மாற்றுவதை டாக்டர் இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போட்டார். டீச்சர்தான் ஆளே மாறிப்போனார். தரையில் குத்துக்காலிடுவது போய், முக்காலியில் உட்காருகிறார். உட்கார்ந்ததும் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் கனமாக அமர்ந்துகொள்கிறார். தட்டக் கிளம்பும் கையை அடக்கி வைக்கும் ஏற்பாடு. முகத்தில் ஈயாடவில்லை. தையல்காரர் நாக்கை நீட்டுவார், அழுத்துவார், பிறகு டீச்சர் முகத்தைப் பார்ப்பார். அங்கே ஒன்றும் இருக்காது. இரண்டாம் நாளே அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். இவர் கைதட்டியபோது எனக்கு எரிச்சல் என்றால், தட்டாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அதைவிட எரிச்சல்.

டீச்சரின் வீட்டுக்காரர் எனக்கே போன் பண்ணினார். "அக்கா, உங்க ஆஸ்பத்திரியில என்ன பண்ணீங்க இவள? பொண்ணு படம் வரைஞ்சு காட்டினா, 'வீட்டுக்குக் கதவு இல்ல'ங்கறா. அவ்ளோதான். நான் சமைச்சா, 'உப்பு சரியா இருக்கு'ங்கறா. முன்னெல்லாம் வெந்நீர் வெச்சாகூடக் கைதட்டுவா." எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அன்று மதியம் அறைக்குப் போனேன். டீச்சர் யானை முயல்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன இது?"

"பழைய ஸ்கூல்ல கூப்பிட்டாங்கக்கா. எடம் இன்னும் காலியாத்தான் இருக்காம்."

"ஓஹோ. முடிவு தெரியற எடம்னு சொல்லி வந்தீங்க. முடிவு தெரிஞ்சதும் கிளம்பறீங்க."

"அக்கா, நான் கைதட்டினா ஒரு உயிரு போகப் பாக்குது. தட்டலைன்னா அவர் மூஞ்சிய திருப்பிக்கிறார். நான் என்னதான் பண்றது, சொல்லுங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கையத் தட்டுங்க, தட்டாம இருங்க. அது யாருக்கு வேணும்? உள்ள போச்சா, போகலையா? அதச் சொல்லுங்க. அந்த மனுஷனுக்கும் தெரியல, அந்த அம்மாவுக்கும் தெரியல. உங்களுக்கு மட்டும் தெரியுது, வாயில போட்டுப் பூட்டி வெச்சிருக்கீங்க!" கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். கொஞ்சம் பலமாகவே சாத்தினேன்.

மறுநாள் காலை அறைக்குள் நுழைந்தால், கை கழுவும் தொட்டிக்கு மேலிருக்கும் கண்ணாடியின் முன்னால் நின்று டீச்சர் வாயைத் திறந்து திறந்து மூடுகிறார். எழுத்து வராத பிள்ளைகளைக் கண்ணாடி முன் நிறுத்திப் பழக்குவது அவர் தொழில். இப்போது நிற்பது அவரே. "சரியா போகல," என்கிறார் கண்ணாடியிடம். குரல் இறங்கிவிடுகிறது. சொல் சிரிப்போடு வருகிறது, திரும்பவும் சொல்கிறார். "இப்ப சரியா போகல." மூன்றாவதோ நான்காவதோ தடவை சிரிப்பில்லாமல் வந்தது. என்னைப் பார்த்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். அட்டைப்பெட்டி பிரிக்கப்படாமல் மேசையில் கிடந்தது. நான் அதைக் கேட்கவில்லை.

அதன் பிறகு வார்டில் ஒரே பாட்டு. "இப்ப போகல. மறுபடி." "இப்ப பாதி போச்சு." "இது போச்சு." கையின் மேல் உட்கார்ந்தபடி, மூச்சுக் குழாய்க்குள் சட்டென்று ஓடிவிடாதபடி கெட்டியாக்கிய தண்ணீரை நர்ஸ் ஸ்பூனில் கொடுக்கக் கொடுக்க, விலை சொல்வது போலச் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குத் தலைவலி. ஆனால் தையல்காரர் சுவரிலிருந்து திரும்பிவிட்டார். தன் கடையில் பையன்கள் தைத்ததை "பிரி" என்று சொல்லியே பழகிய மனிதர். "போகல" என்றால் அவருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நாக்கு அழுந்தியது.

வாரக் கடைசியில் டாக்டர் வந்து நின்றார். மனைவி சுவர் ஓரம், சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு. டீச்சர் வெறும் தண்ணீரில் ஒரு ஸ்பூன் கொடுத்தார். தொண்டை உடனே ஏறி இறங்கியது. "ஆ" என்றார் தையல்காரர். சுத்தமான குரல். இன்னொரு ஸ்பூன். இன்னொரு "ஆ". டாக்டர் பலகையைக் கழற்றச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நான் டீச்சரின் கையைப் பார்த்தேன். இரண்டும் தொடைக்கு அடியில் போய்விட்டிருந்தன.

"இது போச்சு. குடிக்கலாம்," என்றார் டீச்சர், மனைவியைப் பார்த்து. "ஸ்பூனாலதான். இனிமே நீங்கதான் குடுக்கணும். வாங்கக்கா."

அந்த அம்மா சுவரை விட்டு வரவில்லை. "நான் மாட்டேன். நர்ஸ் குடுக்கட்டும். என் கையால வேண்டாம் டீச்சர். நான் சமாளிச்சுக்கறேன், அவர் தாகமா இருந்தாலும் பரவால்ல. என் கையால வேண்டாம்." தையல்காரர் இடது கையை அவர் பக்கம் நீட்டினார். அவர் அசையவில்லை. வீட்டில் நர்ஸ் யாரும் இல்லை. அந்த ஸ்பூனை இவர் எடுக்காவிட்டால், விழுங்க வந்தும் அந்த மனிதருக்குத் தண்ணீர் இல்லை. எனக்கு வாய்வரை வந்துவிட்டது, "சூப்பரா பண்ணுவீங்க" என்று. என் வாயிலேயே அந்தச் சொல், பாருங்கள்!

டீச்சர் எழுந்து போய் அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டி வந்தார். அவருடைய இரண்டு விரலை எடுத்து, தையல்காரரின் தொண்டை மேட்டில் வைத்தார். அந்த அம்மாவின் வலது கையில் ஸ்பூனைக் கொடுத்தார். பட்டன் தைத்துத் தழும்பேறிய விரல்கள் ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோயின. பாதித் தண்ணீர் மோவாயில் வழிந்தது. மீதி உள்ளே போனது.

தொண்டை அந்த விரல்களுக்கு அடியில் ஏறி இறங்கியது. "ஆ" என்றார் தையல்காரர், கேட்காமலே. அந்த அம்மா விரலை எடுக்காமல் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார், சரியா என்று கேட்பது போல.

டீச்சர் முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, "நீங்க சொல்லுங்க," என்று காத்திருந்தார்.