துருவலை இல்லாத கடற்கரை

இருபத்துமூன்று வருடக் கல்யாண வாழ்க்கையில் என் மனைவியை நான் எங்கும் கூட்டிப்போகவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. கல்யாண வீடு, பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, செத்த வீடு, முப்பத்தோராம் நாள், கோயில் சடங்கு என்று மாவட்டம் முழுக்கக் கூட்டிப்போயிருக்கிறேன். இதை ஒருநாள் பெருமையாக அவளிடமே சொன்னேன். அங்கேதான் பிசகியது.

"ஓம், கூட்டிப் போன நீங்கதான். போன இடமெல்லாம் நான் என்ன செய்த? நீங்க முன்னுக்குக் கதிரையில இருந்து தேத்தண்ணி குடிக்கிற, நான் பின்னுக்குக் குசினியில தேங்காய் துருவுற. மட்டக்களப்பில நான் குந்தாத துருவலை இல்ல."

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போகிற பெண் நேரே குசினிக்குள் போவாள். போகாவிட்டால் "பெரிய மனிசி ஆகிட்டா" என்பார்கள்.

"எனக்கு ஒரு நாள் வேணும்" என்றாள். "ஒரு நாள். கடலுக்குப் போகணும். ஆரிட வீட்டுக்கும் போகப்படாது."

கேட்பதற்குச் சின்ன விசயம். அன்று பின்னேரமே ஒரு தாளை எடுத்து வரைபடம் போட உட்கார்ந்தேன். கந்தோரில் எனக்குக் கோப்பு ஒழுங்காக வராது, ஆனால் திட்டம் நன்றாக வரும். தெற்கே கரையோர வீதியால் வாடகைக் காரில் பொத்துவில் வரைக்கும் போகலாம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, பிறகு வயல்கள். அழகான வீதி. ஒரேயொரு குறை, அதன் இரண்டு கரையிலும் சொந்தக்காரர்கள் முளைத்திருந்தார்கள். முதல் காவலரண் கல்லாறு. அங்கே மனைவியின் அக்கா, எனக்கு மச்சாள், வீதியோரமாகவே வீடு கட்டி வாசலில் கதிரையும் போட்டு இருக்கிறார். அவருடைய வீட்டைத் தாண்டிப் போய், "எட்டிக்கூடப் பார்க்கல்ல" என்ற பெயரைக் கேட்டால் அது பத்து வருடத்துக்குப் போதும்.

விடியுமுன் கடந்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். இராணுவத் தளபதிகளுக்கே வராத யோசனை என்று நினைத்துக்கொண்டேன்.

காருக்குக் காத்தான்குடிக்குப் போனேன். அங்கே எல்லாரும் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் ஒருவர் துணிக்கடையும் வைத்து, மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய காசில் வாங்கிய காரை வாடகைக்கும் விடுகிறார். என்னிடம் லைசன்ஸ் இருக்கிறது. அது பத்திரமாக, பாவிக்கப்படாமல் இருக்கிறது. மோட்டார்சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டிப் பல காலம்.

"காக்கா, இது கியர் போடத் தேவையில்லாத காரா?"

"ஓம் அண்ணன். நீங்க ஸ்டியரிங்கப் புடிச்சா போதும். புடிப்பீங்கதானே?" அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்க பயணம்?"

இந்த இடத்தில் பொத்துவில் என்று மட்டும் சொல்லி வாயை மூடியிருக்கலாம். நான் யார்? முழுத் திட்டத்தையும் விரித்தேன். "கல்லாறு மட்டும் தாண்டிட்டா மறுகா பயமில்ல காக்கா" என்று சிரிக்க வேறு செய்தேன்.

கல்லாற்று மச்சாள் வருசத்துக்கு இரண்டு தரம் சேலை எடுப்பது அந்தக் கடையில்தான் என்பது எனக்குத் தெரியாது. நான் சொன்னதில் "தாண்டிட்டா" என்ற சொல் காக்காவின் காதில் விழவில்லை. "கல்லாறு" என்பது மட்டும் விழுந்திருக்கிறது. நல்ல மனிதர். நான் வீட்டுக்கு வந்து சேருமுன்பே அங்கே தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது.

நான் படியேறும்போது மனைவி போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

"அக்கா கதைச்சா. ஞாயிற்றுக்கிழமை நம்ம வாறமாம். நண்டு சொல்லி வெச்சிரிக்காவாம்."

நான் செருப்பைக் கழற்றுவதில் மிகுந்த கவனம் செலுத்தினேன்.

"நண்டுக் கறிக்கு எத்தின தேங்காய் வேணுமெண்டு கேட்டீங்களா?" என்றாள். கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் சும்மா கேட்டுவிட்டு, கடலுக்கென்று எடுத்து வைத்திருந்த பழைய சுடிதாரைத் திரும்ப மடித்து அலுமாரிக்குள் வைத்தாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த நாள் காரை வேண்டாம் என்று சொன்னேன். காக்கா வருத்தப்பட்டார். கார் தப்பிவிட்டது என்று உள்ளுக்குள் சந்தோசப்பட்டிருக்கவும் கூடும். பிறகு மச்சாளுக்குப் போன் எடுத்து, "கார் சரிவரல்ல மச்சாள், இன்னொரு நாளைக்கு வாறம்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. மிச்சத்தைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மனைவியிடம் புதிய திட்டத்தை வைத்தேன். "ரயில். வடக்கால, கல்குடாவுக்கு. ரயிலுக்குச் சொந்தக்காரர் வீட்டில நிக்கத் தெரியாது."

"ஏறாவூரில ஆரும் ஏறினா?"

"நித்திரை மாதிரி இருப்பம்."

அவள் அலுமாரியைத் திறக்கவில்லை. ஆனால் ஞாயிறு காலை சுடிதாரோடு வாசலில் நின்றாள். சமையல் இல்லை என்பது ஒப்பந்தம் என்பதால், ஸ்டேசனுக்கு முன்னால் மீன் வைத்துச் சுட்ட பணிஸும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டேன்.

வலப்பக்கம் இருந்தால் வழி முழுக்கக் கடல் தெரியும் என்று உறுதியாகச் சொல்லி, ஜன்னலோரம் இருத்தினேன். முதலில் மதில்கள் வந்தன. பிறகு பனை, வயல், ஒரு நெல் ஆலை, மாடுகள்.

"கடல் எங்க?"

"இந்தா வருது."

மின்னுகிற தண்ணீர் ஒன்று வந்தது. "கடல்!" என்றேன் கொஞ்சம் சத்தமாகவே. முன் இருக்கையில் இருந்த ஐயா திரும்பி, "தம்பி, அது வயலுக்குப் பாய்ச்சின தண்ணி" என்றார். மனைவி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதால் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

கல்குடாவில் இறங்கி ஓட்டோ பிடித்தோம். பக்கத்துப் பாசிக்குடாக் கடற்கரையில் ஞாயிறு என்றால் தெரிந்த முகம் நாலாவது இருக்கும், அதனால் ஆளில்லாத பக்கமாக இறங்கினோம். நல்ல காற்று, அலை இரைந்தது. அவள் செருப்பைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு இறங்கினாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது கைப்பையில் போன் அடித்தது. எடுக்காதே என்று நான் கை காட்டுவதற்குள் எடுத்துவிட்டாள். ஒரு கையில் போன், மறு கையில் நனையாமல் தூக்கிய பை என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"புள்ள, நண்டு கொஞ்சம் ஆரிட்டயும் குடுத்து விடட்டா?" அக்கா. "என்ன அங்க இரைச்சல்?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு கடலைப் பார்த்தாள்.

"இவர் மிக்ஸி போடுறார் அக்கா. இண்டைக்கு இவர்தான் தேங்காய் துருவி அரைக்கிறார்."

"உன்ர புருசனா? தேங்காயா?"

மிக்ஸியை மட்டும் சொல்லியிருந்தால் தப்பியிருப்போம். என்னைச் சேர்த்ததில்தான் பொய் உடைந்தது. திட்டு வரும் என்று நான் செருப்புகளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தண்ணி எதுமட்டும் நிக்கிது?" என்று கேட்டார் மச்சாள், தாழ்ந்த குரலில்.

மனைவி குனிந்து பார்த்தாள். "முழங்கால் மட்டும், அக்கா."

"இன்னும் கொஞ்சம் உள்ளுக்குப் போ. போனைத் தம்பிட்டக் குடுத்திட்டுப் போ."

அவள் கரைக்கு வந்து போனையும் பையையும் தந்துவிட்டுத் திரும்பி நடந்தாள். மச்சாள் என்னிடம் இரண்டே வசனம் சொன்னார். "அடுத்த முறை மூணு டிக்கெட் எடுக்கணும். இஞ்ச என்ர புருசனுக்குச் சொல்லப்படாது." நான் ஓம் என்றேன். மனைவி இடுப்பளவு தண்ணீரில், யாரும் எதற்கும் கூப்பிடாமல், நெடுநேரம் நின்றாள். பணிஸை நானே சாப்பிட்டு முடித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் துருவலையை எடுத்து என் முன்னால் போட்டு, பாதித் தேங்காயைக் கையில் தந்தாள்.

"அக்காக்குப் பொய் சொன்ன பாவம் எனக்கு வேணாம்."

குந்தித் துருவினேன். சிரட்டையும் கொஞ்சம் சேர்ந்து வந்ததால் சம்பல் கறுப்பாக இருந்தது. அவள் இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டாள்.