தகுதியுள்ள ஒரு ஜேர்மன்காரர்

கீழ்மாடி ஆட்கள் மேல் எனக்கு அவர்கள் வந்திறங்கிய நாளிலிருந்தே கோபம்தான். அதை மறைப்பதற்கு நான் ஒன்றும் புத்தரில்லை. ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில், மூடிப்போன துணி ஆலையொன்றின் விடுதிக்குள் எங்களைப் போட்டிருந்தார்கள். மேல்மாடி எங்களைப் போன்ற அகதிகளுக்கு. கீழ்மாடி கசகஸ்தானிலிருந்து வந்த ரஷ்ய ஜேர்மன்காரருக்கு. பரம்பரை பரம்பரையாக ரஷ்யாவில் வாழ்ந்தவர்கள். ஆனாலும் உடம்பில் ஓடுவது ஜேர்மன் இரத்தம் என்று வந்த கையோடு அவர்களுக்குக் கடவுச்சீட்டு, மொழி வகுப்பு, வேலைப் பயிற்சி எல்லாம் கிடைத்தன. பாதிப் பேருக்குக் காலை வணக்கம் சொல்வதைத் தாண்டி ஜேர்மன் வராது. நான் அந்த நாட்டில் நாலாவது குளிர்காலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஜேர்மன் நல்ல ஜேர்மன். எனக்குக் கிடைத்தது கிழமைக்கு ஒரு உணவுப் பொதியும், மாவட்ட எல்லையைத் தாண்டாதே என்ற கட்டளையும்.

நான் கியேவில் விமானப் பொறியியல் படித்தவள். அப்பா யாழ்ப்பாணத்தில் இடதுசாரிக் கட்சிக்காரர். அந்த வழியில் கிடைத்த புலமைப்பரிசில். ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் அடித்து ஏற்றியது. ரஷ்ய மொழியைக் கியேவ் குளிர் ஏற்றியது. எண்பத்து மூன்று ஆடியில் கொழும்பு எரிந்தபோது கடைசி வருடம் தொடங்கவிருந்தேன். “இப்ப இஞ்ச வராதை பிள்ளை” என்று அப்பா தொலைபேசியில் சொன்னார். பட்டத்தை வாங்கிக்கொண்டு கிழக்கு பெர்லினுக்குப் பறந்து, அங்கிருந்து மின்சார ரயிலில் மேற்குக்கு வந்தேன். எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் வந்த பாதைதான். பட்டத்தைக் காட்டியபோது வேலை அனுமதி அலுவலகத்துப் பெண் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “எழுத்து அழகாக இருக்கிறது” என்றாள். அதோடு சரி. விமான இறக்கையில் காற்று எப்படி ஓடும் என்று அஞ்சு வருடம் படித்தவளுக்கு ஹோட்டலில் தட்டுக் கழுவவும் அனுமதி மறுத்தார்கள். முதலில் தடைக்காலம் என்றார்கள். தடை முடிந்த பிறகு, அந்த வேலைக்கு ஜேர்மன்காரர் எவரும் கிடைக்காவிட்டால்தான் உனக்கு என்றார்கள். தட்டுக் கழுவ ஜேர்மன்காரர் கிடைக்காமலா போவார்?

என் அறையில் ஒரு அக்கா இருந்தார். கணவரை எசனில் ஒரு விடுதியில் போட்டிருந்தார்கள், அவரை இங்கே. ஒரே நாட்டுக்குள் புருசன் பெண்சாதியைச் சேர்த்து வைக்க அன்ட்ராக் மேல் அன்ட்ராக்காக விண்ணப்பம் எழுதிக் கொடுத்துச் சலித்த மனுசி. விமானம் படித்தவள் என்பதால் எனக்குப் “பிளேன்ரீ” என்று பட்டம் வைத்திருந்தார். பால் விடாத தேத்தண்ணிக்கு ஊரில் அதுதான் பெயர். “பிளேன்ரீ, உம்மடை பிளேனைக் கொஞ்சம் எசனுக்கு விடுமன், அத்தானைப் பாத்திட்டு வாறன்” என்பார். சிரிப்போம். சிரித்து முடிந்ததும் எனக்கு ஆத்திரம் வரும்.

இரண்டு மாடிக்கும் பொதுவாக இருந்தது நிலக்கீழ் அறையிலிருந்த துணி துவைக்கும் இடம் மட்டும்தான். ஒருநாள் பின்னேரம் அங்கே போனபோது ஆறேழு ஆண்கள் ஒரு தாளைச் சுற்றி நின்று ரஷ்ய மொழியில் தூஷணம் பொழிந்துகொண்டிருந்தார்கள். நல்ல செழிப்பான தூஷணம். கியேவ் விடுதியில் கேட்ட பிறகு அன்றுதான் கேட்டேன். எல்லோரும் சோவியத் விமான நிலையங்களில் வேலை செய்த மெக்கானிக்குகள். பக்கத்து ஊரில் விமானங்களைப் பழுதுபார்க்கும் திருத்தகம் ஒன்றில் பயிற்சிக்கு நுழைவுத் தேர்வு எழுதியிருக்கிறார்கள். அங்கே கையேடுகள் எல்லாம் ஆங்கிலம் என்பதால் தேர்விலும் ஆங்கிலச் சொற்கள். ஒரு கேள்விக்கு எல்லோரும் ஒரே பிழையான விடையை எழுதியிருக்க, பார்த்து எழுதினீர்கள் என்று சொல்லி மொத்தமாகத் தள்ளிவிட்டார்கள்.

பேசாமல் என் துணியைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். தலையை நீட்டித் தாளைப் பார்த்தேன். பார்த்ததும் விளங்கிவிட்டது.

விமானத்தைப் படத்தில் வரையும்போது அதன் ஊடாக மூன்று கோடுகள் போடுவோம். மூக்கு நோக்கி ஒன்று, இறக்கை வழியே ஒன்று, நிமிர்ந்து ஒன்று. மேற்கத்தையப் புத்தகங்களில் இறக்கை வழியே போவதற்கு ‘வை’ என்ற ஆங்கில எழுத்துத்தான் பெயர். சோவியத் புத்தகங்களில் நிமிர்ந்து நிற்பதுதான் ‘வை’. “வை கோட்டைச் சுற்றி விமானத்தைத் திருப்பும் பாகம் எது?” என்பது கேள்வி. ஆங்கிலக்காரனுக்கு விடை எலிவேட்டர், அதாவது மூக்கை மேலும் கீழும் அசைக்கும் வால் தட்டு. ரஷ்யாவில் படித்தவனுக்கு அது ரடர், இடமும் வலமும் திருப்பும் சுக்கான். இவர்கள் எல்லோரும் ரடர் என்று எழுதியிருந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்து எழுதவில்லை. ஒரே நாட்டில் படித்திருந்தார்கள், அவ்வளவுதான். கியேவ் நூலகத்தில் முதன்முதலாக ஆங்கிலப் புத்தகம் ஒன்றைத் திறந்தபோது நானும் அதே பள்ளத்தில்தான் விழுந்தேன்.

நான் ரஷ்ய மொழியில் வாயைத் திறந்ததும் அவர்கள் முகம் போன போக்கைப் பார்த்திருக்கவேண்டும். கைநிறைய அழுக்குத் துணியோடு ஒரு கறுத்த பெண், கியேவ் உச்சரிப்பில், “கோடு மாறிப் போச்சு, மடையர்களே” என்கிறாள். அவர்களில் மிக உயரமான ஒருவன் முதலில் சிரித்தான். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு சவர்க்காரப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டான்.

அந்த நெடியவன்தான் மறுநாள் என்னைத் திருத்தகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். நல்லவேளை, அது மாவட்ட எல்லைக்குள் இருந்தது. அதன் பயிற்சிப் பொறுப்பாளர் நரைத்த மீசை வைத்த ஒரு ஜேர்மன்காரர். நான் பலகையில் இரண்டு விமானங்களையும் வரைந்து காட்டினேன். பார்த்துவிட்டு வெகுநேரம் மீசையைத் தடவினார். “இவர்களை மறுபடி தேர்வுக்கு விடுகிறேன். ஆங்கிலச் சொற்களை நீங்கள் படிப்பியுங்கள். இவர்கள் தேறினால், அடுத்து வரும் குழுக்களுக்கு உங்களையே ஆசிரியராக எடுக்கிறேன். அலுவலகத்துக்கு நானே எழுதுகிறேன். ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் விமானமும் தெரிந்த ஜேர்மன்காரரை எங்கே போய்த் தேடுவார்கள்?” என்றார்.

அந்தக் கடைசி வசனத்தை விடுதிக்கு வரும் வழியெல்லாம் எனக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். வேலை கிடைத்தால் இந்த விடுதியை விட்டுப் போகலாம். அறையைப் பூட்டும் திறப்பு என்னுடையதாக இருக்கும். பட்டம் வாங்கி இத்தனை காலம் கழித்து யாராவது என்னைப் பொறியியலாளர் என்று கூப்பிடுவார்கள். நாலு வருடத்தில் முதல்முறையாக, தடுக்க அவர்களிடம் காரணம் இல்லை.

“சம்பளம்?” என்று கேட்டார் அக்கா.

“இப்ப இல்லை அக்கா. அனுமதி வந்த பிறகு.”

“உமக்கென்ன விசரே? வெள்ளைக்காரனுக்குச் சும்மா படிப்பிக்கப் போறீரே? பிறகு இலவு காத்த கிளி மாதிரி இருக்கப் போறீர்.”

“நீங்கள் சும்மா இருங்கோ அக்கா. இந்த வேலைக்கு வேற ஆள் இல்லை.”

“ஓம் ஓம்” என்றார். அவர் அப்படி ஓம் போட்டால் இல்லை என்று அர்த்தம்.

படிப்பித்தேன். இப்போது நினைத்தாலும் அந்த வகுப்பு எனக்குப் பிடிக்கும், அதுவும் என் கோபத்தில் ஒரு பங்கு. ரஷ்ய மொழியில் பாகத்தின் பெயரே அது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடும். இறக்கைக்குப் பின்னால் இருப்பதன் பெயர் ‘பின்-இறக்கை’, முன்னால் இருப்பது ‘முன்-இறக்கை’ என்பதுபோல. ஆங்கிலத்தில் ஒன்று ஃப்ளாப், மற்றது ஸ்லாட். எது முன், எது பின்? நெடியவன் கோபித்துக்கொள்வான். “இது பெயரா, கன்னத்தில் அறைகிற சத்தமா?” என்பான். ‘ஸ்டால்’ என்ற சொல்லோடு நாங்கள் ஒரு பின்னேரம் முழுக்க மல்லுக்கட்டினோம். காரில் எஞ்சின் நின்றுபோவதற்கும் ஆங்கிலக்காரன் அதையே சொல்கிறான். விமானத்தில் எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். இறக்கைதான் காற்றின் பிடியை இழந்து கைவிட்டுவிடும். மூக்கை அளவுக்கு மீறி நிமிர்த்தினால் அதுதான் நடக்கும் என்று என் கையையே இறக்கையாக வைத்துக் காட்டினேன். எல்லோரும் தங்கள் கைகளை நிமிர்த்திப் பார்த்தார்கள். பெரிய பெரிய, எண்ணெய் ஊறிய கைகள்.

நெடியவன் கெட்டிக்காரன் என்பதை மறைக்கமாட்டேன். ஒருமுறை சொன்னால் பிடித்துக்கொள்வான். வகுப்பு முடிந்ததும் கரும்பலகையை அவன்தான் துடைப்பான். அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது: எதைப் பேசினாலும் தாத்தாவில் கொண்டுபோய் முடிப்பான். வோல்கா நதிக்கரையில் ஒரு ஜேர்மன் தேவாலயத்தில் தாத்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பத்திரத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தான். அதைக் காட்டித்தான் இந்த நாட்டுக்குள் வந்தான். “தாத்தாதான் எங்களைக் கொண்டுவந்தார்” என்பான். என் தாத்தா சுருட்டுக் கடைக்காரர், அவரால் என்னை அனுராதபுரத்துக்கு அப்பால் கொண்டுபோக ஏலாது என்று சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

எல்லோரும் தேறினார்கள். அந்தக் கேள்வியில் ஒருவரும் தவறவில்லை. மீசைக்காரர் என் கையைக் குலுக்கிவிட்டு, சொன்னபடியே எழுதினார். அவர் மேல் குறை சொல்லமாட்டேன்.

சில கிழமைகளின் பின் அலுவலகத்தில் டெர்மின் கொடுத்து, நாளும் நேரமும் குறித்து வரச் சொன்னார்கள். அக்காவின் நல்ல குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மரியாதையான மனிதர். கதிரையை நீட்டி உட்காரச் சொன்னார். மரியாதையாகவே சொன்னார்: அனுமதி தர முடியாது. இந்த வேலைக்குத் தகுதியுள்ள ஒரு ஜேர்மன்காரர் இருக்கிறார்.

“யார் அவர்?” என்றேன். “ரஷ்ய மொழியும் ஆங்கில விமானச் சொற்களும் தெரிந்த ஜேர்மன்காரர்?”

கோப்பைப் பார்த்தார். பெயரைச் சொல்லக்கூடாது என்றார். பிறகு, எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, “அண்மையில் கசகஸ்தானிலிருந்து வந்தவர். தேர்வில் மிக நல்ல புள்ளிகள்” என்றார்.

எனக்கு உடனே ஆள் விளங்கிவிட்டது. அந்த ஜேர்மன்காரரை அவர்கள் தேடிப் பிடிக்கவில்லை. நான்தான் அவரைச் செய்து கொடுத்தேன். எண்ணெய்க் கையைப் பிடித்து, ஃப்ளாப் எது ஸ்லாட் எது என்று சொல்லிக் கொடுத்து, சம்பளம் வாங்காமல், என் இடத்தில் உட்கார ஒரு ஆளை நானே வளர்த்துக் கொடுத்திருக்கிறேன். மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். பேனாக்கள் துள்ளின. அந்த மரியாதையான மனிதர் கதிரையைப் பின்னால் தள்ளிக்கொண்டார். “சட்டம் அப்படி” என்றார். “உங்கள் சட்டத்துக்கு வெட்கமில்லையா?” என்று கேட்டேன். நல்ல ஜேர்மனில் கேட்டேன், ஒரு பிழையில்லாமல்.

அக்கா எதுவும் குத்திக்காட்டவில்லை. தேத்தண்ணி ஊற்றித் தந்தார். “பனையாலை விழுந்தவனை மாடேறி மிதிச்ச மாதிரி” என்று மட்டும் சொன்னார். நான் குடிக்கவில்லை. அழவுமில்லை. அழுதால் கோபம் கரைந்துவிடும் என்று பயந்தேன். அப்போது என்னிடம் வேறு சொத்து இருக்கவில்லை.

புதுக் குழுவுக்கு வகுப்புத் தொடங்கிய கிழமை, நெடியவன் துணி துவைக்கும் இடத்துக்கு வந்தான். புதிய சட்டை, சவரம் செய்த முகம். கையில் ஒரு கோப்பித்தூள் பொதி. அதை மெஷினின் மேல் வைத்தான். நான் பார்க்கவில்லை என்றதும் ரஷ்ய மொழியில் தொடங்கினான்.

“சட்டத்தை நான் எழுதவில்லை.”

“தெரியும். நீ கேட்டதும் கொடுத்தார்கள்.”

“நான் கேட்கவில்லை. கூப்பிட்டுச் சொன்னார்கள். எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.”

“வேண்டாம், இது அவளுடைய வேலை என்று சொன்னாயா?”

அவன் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்து விரித்தான். விமானப் படம். மூன்று கோடுகள். புது ஆட்கள் கேள்வி கேட்கிறார்களாம். எங்கள் ஊரில் நிமிர்ந்த கோடு மேலே போகும், இங்கே மட்டும் ஏன் கீழே போகிறது, தலைகீழாக ஏன் வரைகிறார்கள் என்று. இவனுக்குக் கோட்டின் பெயர் தெரியும், காரணம் தெரியாது. காரணத்தை நான் வகுப்பில் சொல்லியிருக்கவில்லை. தேர்வுக்கு அது வேண்டியிருக்கவில்லை. நாளைக் காலை அவன் பலகைக்கு முன்னால் நிற்கவேண்டும். மீசைக்காரரும் வந்து உட்காருவாராம்.

காரணம் எனக்குத் தெரியும். நாலு வரியில் சொல்லலாம். கை தாளை நோக்கிப் போய்விட்டது, அந்தக் கையை நானே இழுத்து வைத்துக்கொண்டேன்.

“உன் தாத்தாவைக் கேள்” என்றேன்.

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. காது வரை சிவந்தான்.

“என் தாத்தா யுத்த காலத்தில் முகாமில் மரம் வெட்டிப் பட்டினியால் செத்தவர்” என்றான் மெதுவாக. “அவருக்குத் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது.”

“பரவாயில்லை” என்றேன். “அது தெரியாமலே உனக்கு என் வேலையை வாங்கித் தந்துவிட்டாரே.”

கோப்பிப் பொதியை எடுத்து அவன் கையில் திணித்துவிட்டு, துணி துவைத்து முடியும்வரை மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றேன்.