ஞானோபதேசத்தில் முதலாம் பிள்ளை

எங்கள் பாடசாலையின் பழைய மாணவர்கள் நாலு பேர் கூடினால், யார் டொக்டரானான், யார் நீதவானானான் என்றுதான் கதை போகும். என் முறை வரும்போது நான் சொல்லிக்கொள்ளக்கூடிய பெருமை ஒன்றுதான். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கான ஞானோபதேசப் பரீட்சையில் முதலாவதாக வந்த ஒரே சைவப் பிள்ளை நான். கணிதத்தில் எத்தனையாவதாக வந்தேன் என்று யாரும் கேட்காமல் இருந்தால் நல்லது.

பாடசாலையை நடத்தியவர்கள் கத்தோலிக்கச் சுவாமிமார். ஒரு பக்கம் தேவாலயம், மறுபக்கம் கடல். வெள்ளைக்காரக் கடற்படை இன்னும் துறைமுகத்தில் இருந்த காலம் அது. கப்பல் சங்கு ஊதினால் வகுப்பில் பாதிப்பேர் யன்னலுக்குத் திரும்புவோம். கிண்ணியாவிலிருந்து துறை கடந்து வரும் முஸ்லிம் பிள்ளைகள், விடுதியில் நின்ற இறக்கக்கண்டி, திரியாய்ப் பிள்ளைகள், கடற்படைக் கப்பல்கள் திருத்தும் டொக்யாட்டில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் என்று எல்லோரும் ஒரே வாங்கில் இருந்தோம். சமய பாடத்துக்கு மட்டும் பிரிவோம். கத்தோலிக்கர் மண்டபத்தில் இருப்பார்கள். மற்றவர்கள் விடுதிக் குசினிக்குப் பக்கத்தில் இருந்த தகரக் கொட்டிலுக்குப் போய் நல்லொழுக்கம் படிக்க வேண்டும். அங்கே படிப்பித்த மாஸ்டர் வந்தவுடன் கதிரையில் சாய்ந்து நித்திரையாகிவிடுவார். அவருடைய ஒழுக்கத்தில் எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் நாள், "மற்றப் பிள்ளைகள் போகலாம்" என்று அதிபர் சுவாமி சொன்னார். நான் எழும்பவில்லை. 'மற்றப் பிள்ளைகள்' என்றால் அது எப்போதும் வேறு யாரோ என்றுதான் நினைத்துப் பழகியிருந்தேன். மண்டபத்தில் கடல்காற்று நன்றாக அடித்தது. அடுத்த நாளும் எழும்பவில்லை. என் பெயர் எந்தச் சமயத்துக்கும் பொருந்துகிற பெயர். அம்மா காலையில் பூசிவிடும் திருநீறு, கடற்கரை வீதியால் நடந்து பாடசாலைக்கு வருமுன் வேர்வையோடு போய்விடும். அதிபர் சுவாமி கடல் கடந்து வந்த வெள்ளைக்காரர். எங்கள் முகங்களை வைத்து யார் எந்தச் சமயம் என்று அவருக்குப் பிரிக்கத் தெரியாது.

எனக்குப் புத்தி குறைவு, ஞாபகம் அதிகம். ஞானோபதேசத்துக்கு அதுவே போதுமாக இருந்தது. கேள்வி ஒன்று, பதில் ஒன்று. பொருள் யாரும் கேட்கவில்லை, நானும் தேடவில்லை. சொற்களின் ஓசையில் மயங்கிப்போனேன். சுவாமியிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்தை, பாவிகள் சேர்ந்து பாடும் பாட்டு என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். செத்தவர்களின் ஆத்துமாக்கள் மோட்சத்துக்குக் காத்திருக்கும் உத்தரிக்கிற ஸ்தலம் என்றதும் கிண்ணியாத் துறையில் மூட்டை முடிச்சுகளோடு தோணிக்குக் காத்து நிற்கும் சனம்தான் கண்ணில் வரும். பக்கத்தில் இருந்தவன் எங்கள் தேவாலயத்து உபதேசியாரின் மகன். செபம் சொல்லிக்கொடுக்கும் தகப்பனுக்குப் பிறந்தவனுக்கு ஒரு பதிலும் முழுதாக வராது. நான்தான் அவனுக்குக் காதுக்குள் சொல்லிக்கொடுப்பேன்.

ஆண்டு முடிவில் மட்டக்களப்பிலிருந்து பரிசோதகராக ஒரு வயதான சுவாமி வந்தார். எங்களை ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார். என் முறை வந்தது. கேட்டதற்கெல்லாம் மூச்சு விடாமல் பதில் சொன்னேன். கேட்காததற்கும் சொன்னேன். ஒரு கேள்வியில் அவர் பாதியில் நிற்க, மீதிக் கேள்வியையும் நானே சொல்லிப் பதிலையும் சொன்னேன். அதிபர் சுவாமியின் முகம் சிவந்து மலர்ந்தது. பரிசோதகர் என் தலையில் கை வைத்தார்.

"நல்ல பிள்ளை. உமக்கு முதல் நன்மை எப்ப கிடைச்சது?"

அது திவ்விய நற்கருணையை முதன்முதலாக வாங்குவதைப் பற்றிய கேள்வி என்று எனக்குத் தெரியாது. புத்தகத்தில் அந்தச் சொல் அப்படி இருக்கவில்லை. என் வாழ்க்கையை யோசித்துப் பார்த்து உண்மையையே சொன்னேன்.

"இன்னும் ஒரு நன்மையும் கிடைக்கேல்லை, சுவாமி."

பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். பரிசோதகர் சிரிக்கவில்லை.

"அப்ப, ஞானஸ்நானம் எந்தக் கோயிலிலை பெற்றனீர்?"

கோயில் என்ற சொல் மட்டும் எனக்கு விளங்கியது.

"நாங்கள் காளி கோயில், சுவாமி. வெள்ளிக்கிழமையிலை போறனாங்கள்."

மண்டபம் அதிர்ந்தது. அதிபர் சுவாமி கைலேஞ்சியை எடுத்து முகம் முழுவதையும் மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்துப் பயந்துபோனேன். தோள்கள் குலுங்கியதைப் பார்த்த பிறகுதான் அவரும் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

அடுத்த நாள் ஐயாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஐயா டொக்யாட் களஞ்சியத்தில் கிளாக்கர். வேலைக்குப் போகும் வெள்ளைக் காற்சட்டையோடு வந்து, அலுவலகக் கதிரையின் நுனியில் இருந்தார். நான் அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றேன். அதிபர் சுவாமியின் முகத்தில் முந்திய நாள் சிரிப்பு இல்லை.

"நீர் ஏன் சொல்லவில்லை?" என்று என்னைக் கேட்டார்.

"நீங்கள் கேக்கேல்லை, சுவாமி."

அவர் ஐயாவின் பக்கம் திரும்பினார். "ஊரில் என்ன சொல்வார்கள்? பாடசாலை பிள்ளைகளை மதம் மாற்றுகிறது என்று சொல்வார்கள். நீங்கள் என்னை நம்ப வேண்டும். எனக்கு ஒன்றும் தெரியாது."

ஐயா கதிரையில் நிமிர்ந்து இருந்தார். "சுவாமி, நான் இவனைப் படிக்கத்தான் விட்டனான். எல்லாத்தையும் விட்டுப்போட்டு இதைப் படிச்சிருக்கிறான். கணக்கிலையும் இப்பிடிப் படிச்சானெண்டால் நீங்கள் என்ன சமயம் படிப்பிச்சாலும் நான் ஒண்டும் கதைக்கமாட்டன்."

அந்த நேரம் பார்த்து உபதேசியார் உள்ளே வந்தார். பரிசளிப்பு விழாவைப் பற்றி அவருக்கு ஒரு கவலை. "ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு ஞானோபதேசப் பரிசோ, சுவாமி? நாளைக்குக் கோயிலிலை நான் சனத்தின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?"

"உங்கடை மகன் எத்தினையாவது?" என்று ஐயா மரியாதையாகக் கேட்டார்.

உபதேசியார் சால்வையை இழுத்துச் சரிசெய்தார். அவருடைய மகன் இரண்டாவது. இரண்டாவது ஆக்கியது யார் என்று எனக்கும் அவனுக்கும் தெரியும்.

கடைசியில் அதிபர் சுவாமி ஒரு வழி கண்டுபிடித்தார். பரிசளிப்பு அன்று ஞானோபதேசப் பரிசாகச் செபமாலையும் மாதா சுரூபமும் உபதேசியாரின் மகனுக்குப் போயின. என்னை மேடைக்கு அழைத்து, அதுவரை பாடசாலையில் இல்லாத 'ஞாபகசக்திப் பரிசு' என்று ஒன்றைத் தந்தார்கள். பார்சலைப் பிரித்தால் உள்ளே கணக்குப் புத்தகம். அதிபர் சுவாமி தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

என்னால் பாடசாலைக்கும் ஒரு நன்மை விளைந்தது. அடுத்த ஆண்டு நித்திரை மாஸ்டரை மாற்றி, சைவப் பிள்ளைகளுக்குச் சைவமும் முஸ்லிம் பிள்ளைகளுக்கு இஸ்லாமும் படிப்பிக்கத் தனித்தனி ஆசிரியர்களை அதிபர் சுவாமி தேடிப் பிடித்தார். கொட்டிலின் இரண்டு அந்தங்களில் இரண்டு சமயமும் நடந்தன. சைவ வாத்தியார் கண்டிப்பானவர். ஞானோபதேசத்தில் கொடி கட்டிய நான் இங்கே என்ன செய்யப்போகிறேன் என்று பார்க்க எல்லோருக்கும் ஆசை. தவணைப் பரீட்சையில் மும்மலங்கள் எவை என்று கேட்டிருந்தது. ஆணவம் மட்டும் ஞாபகம் வந்தது. மற்ற இரண்டு இடங்களையும் வெறுமையாக விட மனமில்லாமல் சென்மப் பாவம், சாவான பாவம் என்று ஞானோபதேசத்திலிருந்து எடுத்து நிரப்பினேன்.

வாத்தியார் விடைத்தாளைத் தூக்கிப் பிடித்து, "தம்பி, இது எந்த ஊர்ச் சைவம்?" என்று கேட்டார். வகுப்பிலேயே குறைந்த புள்ளி எனக்கு. அந்தச் செய்தி வீட்டுக்குப் போனபோதுதான் ஐயாவுக்கு உண்மையில் கோபம் வந்தது.

பிறகு வெள்ளைக்காரக் கடற்படை போனது. சில வருடங்களில் அரசாங்கம் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. தேவாலயத்தில் கத்தோலிக்கச் சனம் கூடி அழுதது. அதிபர் சுவாமி சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு, பக்கத்து மிஷன் வீட்டுக்குத் தன் புத்தகப் பெட்டியோடு நடந்து போனார். எழுபதுகளில் நான் அதே பாடசாலைக்கு ஆசிரியராக வந்தேன். என்னுடைய பாடம் புவியியல். ஆனால் நேரசூசியில் ஓர் இடைவெளி இருந்ததாம். புதிய அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

"சேர், நீங்கள் சைவம்தானே?"

"ஓம்."

"அப்ப எட்டாம் வகுப்புக்குச் சைவசமயம் நீங்கள் எடுங்கோ."

எனக்கு ஏலாது என்று சொல்லியிருக்கலாம். காரணம் கேட்டால் முழுக்கதையையும் சொல்ல வேண்டி வருமே என்று பேசாமல் தலையாட்டினேன். பிள்ளைகளுக்கு ஒரு பாடம் முந்தி நான் படித்துக்கொண்டு போனேன். சில நாட்களில் அரைப் பாடம்தான் முந்தி. அந்த ஆண்டு என் வகுப்பில் சித்தியடையாதவர்கள் இரண்டே பேர். அவர்களில் ஒருவன் என் அக்காவின் மகன். அக்கா ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை.